இன்ஸ்பெக்டரம்மாவின் வெறும் வண்டி

ஸ்டாண்டைக் காலால் தள்ளிப் போட்டுவிட்டு, வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்க்கிறார் வரலட்சுமி. தலையிலிருக்கும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டுகிறார். சாலையின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்த மஞ்சள் கண்ணில் பட வேண்டும். படாது என்று தோன்றினால் கைப்பிடியைச் சற்றுத் திருப்பி வைக்கிறார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணூர் நெடுஞ்சாலையின் லாரிகளைக் கை காட்டி நிறுத்திக் கடந்து, அந்தப் பக்கம் வரும் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார். வண்டி இங்கேயே நிற்கிறது.

அந்த பஸ் கண்ணுக்கு மறைவதற்குள், பெயின்டுக்குப் பிசின் காய்ச்சும் கம்பெனியின் கேட்டில் காவலாளி தேசப்பன் போனை எடுத்திருப்பார். பேசுவது ஒரே வாக்கியம். "அம்மா வண்டி வந்திட்ச்சிபா." அது அடுத்த கேட்டுக்குப் போகும். அங்கிருந்து எண்ணெய்க் கம்பெனிக்கு, தகடு வெட்டும் பட்டறைக்கு, பீப்பாய் கழுவும் கொட்டகைக்கு. டீ ஆறுவதற்குள் திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூர் வரை செய்தி ஓடிவிடும். ஓடிய இடமெல்லாம் அவசர வழியின் பூட்டு திறக்கும். மூலையில் கிடந்த இரும்புக் கவசங்கள் சுழலும் பெல்ட்டுகளின் மேல் ஏறி உட்காரும். அலமாரிக்குள்ளிருந்த கையுறைகள் கைகளுக்கு வந்து சேரும். தீயணைப்பு வாளிகளில் மணல் நிரம்பும். ஒரு டிவிஎஸ் ஃபிப்டியின் ஸ்டாண்டைப் போட்டதற்கு இத்தனையும் நடக்கும். நான் வாய் பிளந்து பார்த்த அரசாங்கக் காரியங்களில் இதற்கு ஈடு வேறொன்றில்லை.

பார்த்தது என் அறை ஜன்னலிலிருந்து. ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துகிறேன். வேலை மதியத்துக்கு மேல்தான். காலை முழுவதும் ஜன்னலும் கீழே சொக்கம்மாளின் டீக்கடையும்தான் எனக்குப் பொழுது. கடைக்கு எதிரே பிசின் கம்பெனி. வாரத்தில் பாதி நாள் கடை ஓரத்தில் அந்த வண்டி நிற்கும். வண்டிக்காரி மட்டும் சாயங்காலம்தான் வருவார். யாருடையது என்று சொக்கம்மாளைக் கேட்டேன். பாய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது கவர்மெண்ட்டு. நவுத்தாத."

தொழிற்சாலை ஆய்வாளர் என்றால் ஜீப்பில் வருவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஜீப் இருக்கிறது. ஓட்டுநர் பணியிடம் காலி என்பதால் அலுவலகத்துக்குப் பின்னால் நான்கு சக்கரமும் மண்ணில் இறங்கி நிற்கிறது. பட்டம் வாங்கியவன் என்ற தைரியத்தில் ஒரு நாள் சாலையைக் கடந்து, பஸ்ஸுக்கு நின்றவரிடம் போய், மேடம், நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "தெனிக்கும் மாடியிலேர்ந்து எட்டிப் பார்த்துகினு கீறே. வண்டிய வெலை பேசப் போறியோன்னு நெனச்சேன்" என்றார். அடுத்த வாரம் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அறையில் மூன்று மேசைகள், மூன்று நாற்காலிகள். மூன்று சரகங்களுக்கு மூன்று ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றார். ஒருவர் மாற்றலாகிப் போனார். இரண்டு இடத்துக்கும் ஆள் போடவில்லை. இரண்டையும் கூடுதல் பொறுப்பாக இவர் தலையில் வைத்துவிட்டார்கள். ஆக, முதல் சரகத்திலிருந்து இரண்டாம் சரகத்துக்குக் கடிதம் போக வேண்டும் என்றால் வரலட்சுமி தமக்குத் தாமே எழுதிக்கொள்கிறார். எழுதிவிட்டு எழுந்து போய் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அதைப் படித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுகிறார். சில சமயம் முதல் நாற்காலி எழுதியது இரண்டாம் நாற்காலிக்குப் பிடிக்காமல் விளக்கம் கேட்பதும் உண்டு. இருந்த இடத்திலேயே போட்டுவிடலாமே என்றேன். "சீட்டுக்கு ஒரு மருவாதி கீதுல்ல நைனா. நாம உக்காராம உட்டா, அது காலி சீட்டுன்றதே மேல கீறவனுக்கு மறந்துபூடும்."

வண்டியின் கதையும் அங்கேதான் வெளிவந்தது. ஆள் இருந்த காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க முடிந்தது. தனியாளான பிறகு ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் மற்றக் கம்பெனிகளுக்கு அன்றைக்குத் திருவிழா. ஒரு முறை வண்டி பஞ்சராகி இந்த டீக்கடையோரம் நின்றுவிட்டது. இவர் பஸ் பிடித்து மணலிக்குப் போனார். மறுநாள் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி ஒருவர், நேற்று மேடம் பக்கத்துக் கம்பெனிக்கு வந்திருந்தீர்களாமே, எங்கள் பக்கமும் வருவீர்கள் என்று சாயங்காலம் வரை கதவெல்லாம் திறந்து வைத்திருந்தோம் என்று குழைந்திருக்கிறார். வரலட்சுமி அந்தப் பஞ்சருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாராம். "மூணு போஸ்ட்டு, ஆளு ஒண்ணு. மீதி ரெண்டு பேரு வேலைய வண்டி பாக்குது. சம்பளம் கேக்காது, லீவு கேக்காது, பெட்ரோலு கூட ஊத்த வேணாம்."

சும்மா வண்டியை நிறுத்தி ஊரை மிரட்டுகிறவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பஸ்ஸில் ஏறிப் போகிற இடத்தில் அவர் செய்கிற வேலையையும் பார்த்திருக்கிறேன். தகடு வெட்டும் பட்டறைக்குள் நுழைந்தால் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. "கைய காட்டு" என்கிறார். வரிசையாக நிற்கும் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நகம் காட்டுவது போல இரண்டு கைகளையும் நீட்டுகிறார்கள். விரல்களைப் பார்த்துக்கொண்டே போகிறார். எங்கே ஒரு விரல் குறைகிறதோ அங்கே நின்று, அந்த ஆள் எந்த இயந்திரம் என்று கேட்கிறார். முதலாளி எதை மறைத்து வைத்தாலும் கையை மறைக்க முடிவதில்லை.

புடவைக்குக் கீழே போலீஸ்காரர்கள் போடுவது போன்ற கனத்த பூட்ஸ். எந்தக் கம்பெனியிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை; சொந்தமாக ஒரு பாட்டில். பூ என்றால் உயிர், ஆனால் வேலை நாளில் தலையில் ஒரு மல்லிகை மொட்டு இராது. காரணம் பக்தியோ விரதமோ என்று நினைத்தேன். "மல்லி வாசன மூக்க ஏமாத்திடும். வாயு லீக்காவுறது எப்டி தெரியும்?" என்றார். வாரம் முழுவதும் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை சூடிக்கொள்வாராம். பெரம்பூரில் ரயில்வே வேலை பார்க்கும் வீட்டுக்காரர் அன்றைக்குக் காலையிலேயே பூக்கடைக்குப் போய்விட வேண்டும்.

நான் செங்கல்பட்டுக்கு உள்ளே கல்குவாரிகள் சூழ்ந்த ஊரில் வளர்ந்தவன். வெடி வைக்கும் முன் ஒருவன் விசில் ஊதுவான். பாதுகாப்பு என்று நாங்கள் கண்டது அந்த விசில் ஒன்றைத்தான். கல் தெறித்துக் கண் போனவர்களும், சரிவில் புதைந்தவர்களும் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. குவாரிக்கும் சுரங்கத்துக்கும் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், அதற்கு அதிகாரிகள் இருப்பதும், இத்தனை குவாரிக்கு இத்தனை பேர் போதாது என்று ஆண்டுதோறும் அவர்களே அறிக்கை எழுதுவதும் கல்லூரி நூலகத்தில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குவாரிப் பள்ளத்துக்குள் ஓர் அதிகாரி இறங்கி நான் பார்த்ததில்லை. அவருடைய காலி வண்டிகூட வந்து நின்றதில்லை. ஆகவே இந்தச் சாலையோரம் நின்ற டிவிஎஸ் ஃபிப்டியை நான் எப்படிப் பார்த்தேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வரலட்சுமி புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர். அப்பா யானைக்கவுனியில் மூட்டை தூக்கியவர். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது இவர்; போனதும் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு. பட்டம் கைக்கு வந்ததும் பேச்சை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் மாற்றிக்கொள்ளவில்லை. கோட்டு போட்ட கம்பெனி இயக்குநர் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சோக்கா சொல்றீங்க. கதவு இன்னாத்துக்குப் பூட்டிக் கீது?" என்பார். சாவிக்கு ஆள் ஓடும்.

அவருக்கு இருந்தது ஒரே பயம். வண்டி வெறும் வண்டி என்பது என்றைக்காவது ஒரு கேட்டுக்குத் தெரிந்துவிட்டால், அன்று மாலைக்குள் எல்லாக் கேட்டுக்கும் தெரிந்துவிடும். பிறகு அந்தச் சாலையில் மூன்று ஆய்வாளர்களுக்குப் பதில் ஒருவர்கூட இல்லாத நிலைதான். இதை எழுதாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், ரகசியம் உடைந்துவிட்டது. சென்ற மாதம், என் கண் முன்னாலேயே உடைந்தது.

பிசின் கம்பெனியில் தரைக்குக் கீழே ஒரு கழிவுத் தொட்டி உண்டு. மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான வாய். உள்ளே இரண்டு ஆள் உயரம். ஆண்டுக்கொரு முறை அடியில் படிந்த சேற்றை ஆள் இறங்கி அள்ள வேண்டும். கிளறினால் சேற்றிலிருந்து வாயு கிளம்பும். முதல் ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற இரண்டாம் ஆளும் விழுவான். ஆகவே முதலில் புளோயர் வைத்து வெகுநேரம் காற்றடிக்க வேண்டும். மீட்டரை இறக்கிக் காற்றைச் சோதிக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து மேலே ஓர் ஆள் உட்கார வேண்டும். கீழேயிருந்து கயிறு ஒரு முறை அசைந்தால் நலம் என்று அர்த்தம்; மேலே இருப்பவரும் ஒரு முறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். வரலட்சுமி இதை எழுத்தில் கொடுத்திருந்தார். கம்பெனியும் அப்படியே செய்வதாக எழுத்தில் பதில் கொடுத்திருந்தது.

தொட்டிக்குள் ஆள் இறங்கும் நாள் முடிவானது. அதே நாள்தான் பொன்னேரி கோர்ட்டில் வாய்தாவும் வந்தது. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் வெடித்து இறந்துபோனவருக்காக இவர் போட்ட வழக்கு. புகார் கொடுத்த ஆய்வாளர் வராவிட்டால் தள்ளுபடி செய்துவிடுவோம் என்று சென்ற முறையே எச்சரித்திருந்தார்கள். தொட்டியில் உயிரோடு இறங்கப் போகிறவர்கள் இங்கே, செத்துப்போனவனுக்கு நியாயம் அங்கே, ஆய்வாளர் ஒருவர். தேதியை மாற்றச் சொல்லி இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தார். யாரும் மாற்றவில்லை. முந்தின நாள் மாலை டீக்கடையில், "நாளிக்கு வண்டிய கேட்டு மூஞ்சிலயே நிறுத்திட்டுப் போறேன். மத்தத அதுதான் பாத்துக்கணும்" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையில் வண்டி டீக்கடையோரம் நிற்காமல் கம்பெனி கேட்டை ஒட்டி நின்றது. வரலட்சுமி ரயில் பிடிக்கப் போனார். தேசப்பன் உள்ளே போன் செய்தார். தொட்டி வாயருகே இறங்கத் தயாராக நின்ற ஆட்களை மேனேஜர் அவசரமாக எதிரே டீக்கடைக்கு அனுப்பினார். இந்தச் சாலைக் கம்பெனிகளில் மாறி மாறி வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆட்கள், பெரும்பாலும் வியாசர்பாடி. அவர்களுக்கு மேஸ்திரி பீம்ராவ். ஒல்லியான, பேச்சு குறைந்த மனிதர். அவருடைய மச்சான் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கம்பெனித் தொட்டியில் போனவர். புளோயர் எங்கே என்று பீம்ராவ் கேட்டதற்கு மணலியிலிருந்து வர வேண்டும், வந்துவிடும் என்றார்களாம். வருவதற்குள் வேலையை முடிக்கும் யோசனைதான் என்று அவர் டீக்கடையில் சொன்னார். சேற்றை ஏற்றிப் போக லாரி வந்து காத்துக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்தது வேடிக்கை. ஆய்வாளருக்கு என்று வெட்டி வைத்த இளநீர் ஆய்வாளரைத் தேடிக் கிளம்பியது. முன்னால் மேனேஜர், பின்னால் இளநீர்த் தட்டோடு ஓர் ஆள். அம்மா கொதிகலன் பக்கம் போயிருப்பாரோ என்று அங்கே போனார்கள். போகும் முன் ஆள் அனுப்பி அந்த இடத்தைச் சரிசெய்தார்கள். இல்லை. கிடங்குப் பக்கமோ? அதைச் சரிசெய்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். அங்கேயும் இல்லை. கண்ணில் படாத ஓர் ஆய்வாளருக்குப் பயந்து கம்பெனி முழுவதும் ஒழுங்காகிக்கொண்டே போனது. தேசப்பன் கேட்டில் நின்று எங்களுக்கு நேரலை வர்ணனை கொடுத்தார். சொக்கம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடைசியில் மேனேஜர் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த கடைநிலை ஊழியர் வெள்ளந்தியாக, மேடம் பொன்னேரி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் நிதானமாக நடந்து கேட்டுக்கு வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். ஹெல்மெட்டை விரலால் ஒரு தட்டு தட்டினார். பிறகு சிரித்தார். சொக்கம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "போச்சுடா" என்றார் மெதுவாக.

"எழுந்திரு பீம்ராவ். ஆள கூப்பிடு, இறங்கலாம்" என்றார் மேனேஜர்.

பீம்ராவ் எழுந்தார். சாலையைக் கடந்தார். நேராகப் போய் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக மற்ற ஆட்களும் போய் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இன்னும் இன்ஸ்பெக்சன் முடியல சார். அம்மா வந்து வண்டிய எட்த்துகினு போவட்டும். அப்பால இறங்குறோம்."

"அவங்க பொன்னேரியில இருக்காங்கய்யா. இது வெறும் வண்டி."

"எங்களுக்கு எப்பவும் வெறும் வண்டிதான் சார் வந்துகினு இருந்துச்சி" என்றார் பீம்ராவ். குரல் ஏறவேயில்லை. "அந்தம்மா பஸ் ஏறிப் போறத தெனிக்கும் பாக்கறோம். வெறும் வண்டிக்கே நீ இத்தினி நாளு பயந்தே. நாங்க இன்னிக்கு ஒரு நாளு பயந்துக்கிறோம்."

நான் தேசப்பனைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி நின்றபோதெல்லாம் போனை எடுத்து, அம்மா வண்டி வந்தது என்று அடுத்த கேட்டுக்குச் சொன்ன ஒவ்வொரு காவலாளிக்கும் அது வெறும் வண்டி என்று தெரிந்திருக்கிறது. எந்தக் கேட்டிலும் ஒருவர் அதைச் சொல்லவில்லை. ஆள் போடாத இரண்டு பணியிடங்களையும் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வரலட்சுமிக்கே தெரியாது.

மேனேஜர் விடவில்லை. வேறு ஆட்கள் கிடைப்பார்கள் என்றார். இனி இந்தக் கம்பெனிப் பக்கமே உங்களுக்கு வேலை கிடையாது என்றார். பீம்ராவ் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார். ஆனால் கூட்டத்தில் ஒருவன் தடுமாறினான். நெல்சன் என்ற ஆள், கல்மண்டபத்துக்காரன், பீம்ராவிடம் அன்றுதான் வேலைக்கு வந்தவன். மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. வேலை போனால் அடுத்த வேலை எப்போது என்று அவனுக்குத் தெரியாது. எழுந்தான். மேனேஜர் அவன் தோளில் கை போட்டார். ஒரு ஆள் போதும், அள்ளிவிட்டு ஏறிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே கேட்டுப் பக்கம் நடத்தினார். பீம்ராவ் கூப்பிடவில்லை. போகிறவனைத் தடுக்கத் தமக்கு உரிமையில்லை என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

சாலைக்கு இந்தப் பக்கமிருந்து சொக்கம்மாள் குரல் கொடுத்தார். "நெல்சா, டீ சொல்லிட்டு நீபாட்டுக்குப் போனா இன்னா அர்த்தம்? ஊத்திட்டேன். யாரு குடிப்பா?"

நெல்சன் டீ சொல்லியிருக்கவில்லை. நின்றான். மேனேஜரைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். தோளிலிருந்து கையை விலக்கிக்கொண்டு வந்து கிளாசை வாங்கினான். அந்த டீயை அவ்வளவு மெதுவாகக் குடித்தவனை நான் கண்டதில்லை. குடித்து முடித்து, கிளாசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் நிழலில் போய் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. மற்றக் கம்பெனிக் காவலாளிகள் இரண்டு பேர் மூன்று பேராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டம் பெரிதானது. அப்போதுதான் வரலட்சுமி ரயில் நிலையம் பக்கமிருந்து நடந்து வந்தார். தொலைவிலேயே கூட்டத்தைப் பார்த்துவிட்டார். கம்பெனி வாசலில் ஆட்கள் இப்படித் தரையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே ஒரு சாவு என்று அவருக்குத் தெரியும், தொழிலே அது. நடை ஓட்டமானது. கனத்த பூட்ஸ், கையில் கோர்ட் பை, கலைந்த புடவை. லாரிகள் தாமாகவே நின்றன. வந்ததும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார்.

"எல்லாரும் கீறீங்களா?"

"கீறோம்மா" என்றார் பீம்ராவ். "உன் வண்டிய பாத்துகினு கீறோம்."

வரலட்சுமி அந்த வட்டத்தைப் பார்த்தார். தேசப்பனைப் பார்த்தார். முகத்தைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே இன்னாத்த மறைக்கிறது. எழுதிக்கோ நைனா. உள்ளயும் வா, எழுதறவன் பாக்கணும்ல" என்றார். கேட்டைத் திறந்துவிட்டது தேசப்பன். மேனேஜர் தடுக்கவில்லை.

கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று நடந்துகொண்டே கேட்டேன். வழக்கு நிற்கிறது, சாட்சிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

புளோயர் வரும் வரை ஒருவரும் தொட்டியை நெருங்கக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். மேனேஜர், அப்படியானால் நாளை வைத்துக்கொள்ளலாமே என்றார். நாளை அவர் மீஞ்சூரில் இருக்க வேண்டும், மறுநாள் மணலி. வண்டிக்கும் இனி இங்கே மதிப்பில்லை. அது அந்த இடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "இன்னிக்கே" என்றார் வரலட்சுமி. மணலிக்குப் போன் போனது. காலையெல்லாம் வராத புளோயர் கொஞ்ச நேரத்தில் வந்தது. காற்றடித்தார்கள். அவர் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்த்தார். முகம் சுளித்து, இன்னும் அடிக்கச் சொன்னார். மறுபடி இறக்கினார். வெயில் சாய்ந்து, கடல் காற்று கொதிகலன் கொட்டகைக்குள் நுழைந்த நேரத்தில் தலையசைத்தார்.

பீம்ராவ் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டார். கயிறு கட்டியாயிற்று. மறுமுனையைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் எங்கே என்று வரலட்சுமி கேட்டார். மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், புதிதாக இன்னும் போடவில்லை என்றார்.

வரலட்சுமி கோர்ட் பையை என் கையில் கொடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டி வாயருகே தரையில் உட்கார்ந்தார். பூட்ஸ் கால்கள் இரண்டையும் இரும்பு விளிம்பில் அகட்டி ஊன்றினார்.

"மேடம், நீங்க எதுக்கு" என்று மேனேஜர் பதறினார்.

"உங்ககிட்ட ஆளு இல்லேன்றீங்க. எங்க ஆபீஸ்லயும் அதே கததான் சார்."

கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வளையல்கள் கயிற்றில் சிக்கின. இடது கையால் அவற்றை முழங்கை வரை தள்ளிவிட்டுக்கொண்டு, "எறங்கு பீம்ராவ்" என்றார். பீம்ராவின் தலை இருட்டுக்குள் போனது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது, நின்றது. கீழேயிருந்து கயிறு ஒரு முறை லேசாக அசைந்தது. வரலட்சுமி தொட்டி வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், பதிலுக்கு ஒரு முறை மெல்ல இழுத்தார்.